நாய்க்கு அறுவை: மயக்கமும் வலியடக்கமும் – அரங்கில் புதிதாக நிற்பவர்களுக்கு

சைலசின் என்னும் தூக்க ஊசி போட்ட நாய் பத்துப் பதினைந்து நிமிடத்தில் தலை தொங்கிப் படுத்துவிடும். மயிரை மழிக்கலாம், வென்ஃபிளான் (ட்ரிப் ஏற்றும் ஊசிக்குழாய்) போடலாம், மேசையில் மல்லாத்திக் கால்களைக் கட்டலாம், சும்மா கிடக்கும். புதிதாக வருகிறவர்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான். அசையவில்லை என்பதால் வலிக்கவில்லை என்று நினைத்துவிடுகிறார்கள். சைலசின் தரும் தூக்கம் ஒன்றிரண்டு மணி நேரம் நிற்கும். அது தரும் வலியடக்கமோ அரை மணி நேரம்கூடத் தாங்காது. மயக்கத்துக்குப் பயன்படும் டயஸிபாம், புரோபோஃபால், ஐசோஃப்ளூரேன் வாயு மூன்றிலும் வலியடக்கம் என்று சொல்லத்தக்கது எதுவும் கிடையாது. கெட்டமைன் என்னும் மயக்க மருந்து தோலிலும் தசையிலும் எழும் வலியை நன்றாக அடக்கும், வயிற்றுக்குள் இழுக்கும் வலிக்குப் போதாது.

ஆகவே செடேஷன் (தூக்க நிலை) வேறு, முழு மயக்கம் வேறு, வலியடக்கம் வேறு. மூன்றுக்கும் தனித்தனியாகக் கணக்குப் போட வேண்டும். வலிக்கான மருந்து கத்தி வைப்பதற்கு முன்பே உடம்பில் ஏறியிருக்க வேண்டும். வெட்டிய பிறகு கொடுத்தால் அதே வலியை அடக்க அதிக மருந்து பிடிக்கும், ஏனென்றால் அதற்குள் தண்டுவடம் வலியால் தூண்டப்பட்டுக் கூர்மையாகிவிட்டிருக்கும்.

கால்நடை மருத்துவப் படிப்பு முடித்துப் பயிற்சிக்கு வந்தவர்களுக்கும், கருத்தடை முகாம்களிலும் சிறிய மருத்துவமனைகளிலும் மயக்க மருந்துப் பக்கம் நிற்கும் உதவியாளர்களுக்கும் இது எழுதப்படுகிறது. எடுத்துக்காட்டாக, 15 கிலோ எடையுள்ள, நலமான ஒரு நாட்டுப் பெட்டை நாய்க்குக் கருத்தடை அறுவை நடப்பதாக வைத்துக்கொள்வோம். எல்லாக் கணக்கும் அந்த நாய்க்குத்தான். எந்த நாய்க்கு எந்த மருந்து, எவ்வளவு என்று முடிவெடுக்க வேண்டியவர் நாயைத் தொட்டுப் பார்த்த மருத்துவர். கெட்டமைன் கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்ட அட்டவணை எக்ஸ் மருந்து என்பதால் அதன் ஒவ்வொரு மி.லி.க்கும் பதிவேட்டில் கணக்கு இருக்க வேண்டும்.

முந்தைய நாளும் காலையும்

வளர்ந்த நாய் 6 மணி நேரம் சாப்பிடாமல் இருந்தால் போதும். 'ராத்திரியிலிருந்தே ஒண்ணும் குடுக்காதீங்க, தண்ணியும் கூடாது' என்று சொல்லி அனுப்புவது பழைய பழக்கம். மே மாதத்தில் அப்படிச் சொன்னால், காலை 11 மணிக்கு மேசைக்கு வரும் நாய் நாக்கு வறண்டு, இரத்த அழுத்தம் இறங்கத் தயாராக வந்து சேரும். முதல் ஊசி போடும்வரை தண்ணீர் வைக்கலாம். 8 வாரத்துக்குக் குறைந்த குட்டிகளை ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு மேல் பட்டினி போடக் கூடாது, சர்க்கரை இறங்கிவிடும்.

எடை போடாமல் சிரிஞ்சைக் கையில் எடுக்காதீர்கள். கண்ணால் பார்த்து '20 கிலோ இருக்கும்' என்று சொன்ன நாய் உண்மையில் 15 கிலோ என்றால், ஒவ்வொரு மருந்தும் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகப் போகிறது. வீட்டு நாயைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறி நின்று, பிறகு ஆள் எடையைக் கழித்தால் ஆயிற்று. தெருநாயைக் கூண்டோடு வைத்துக் கூண்டின் எடையைக் கழிக்கலாம். இந்த எளிய வேலை முகாம்களில் முதலில் விட்டுப்போகிறது, விபத்துகளும் பெரும்பாலும் அங்கிருந்தே கிளம்புகின்றன.

அடுத்து ஈறு. உதட்டைத் தூக்கி, கோரைப் பல்லுக்கு மேலே விரலால் அழுத்தி விடுங்கள். வெளுத்த இடம் 2 வினாடிக்குள் மறுபடி இளஞ்சிவப்பாக வேண்டும். ஈறே வெளுத்திருந்தால், காதுமடலுக்குள்ளும் விரலிடுக்கிலும் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். நம் ஊர் நாய்களில் உண்ணிக் காய்ச்சல் சாதாரணம். எர்லிக்கியா என்னும் அந்தக் காய்ச்சல் கிருமி பிடித்த நாய்க்குப் பல நேரம் வெளியே ஒன்றும் தெரியாது. உள்ளே தட்டணுக்கள் குறைந்து கிடக்கும். வயிற்றைத் திறந்த பிறகு தையல் போட்ட இடத்திலெல்லாம் கசியும். இரத்தத்தில் சிவப்பணுப் பங்கு 25 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால், அவசரமில்லாத கருத்தடையைத் தள்ளிப்போட்டு முதலில் காய்ச்சலுக்கு வைத்தியம் பாருங்கள்.

ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சின் இருபுறமும் வையுங்கள். முணுமுணுப்புச் சத்தம் கேட்டாலும், நாய்க்கு 8 வயது தாண்டியிருந்தாலும், கல்லீரலோ சிறுநீரகமோ கெட்டிருந்தாலும், கருப்பையில் சீழ் கட்டி நீர் வற்றி வந்திருந்தாலும் சைலசின் வேண்டாம். அது இதயத்துடிப்பைப் பாதியாக்கும். அத்தகைய நாய்க்கு மிடாசோலம் கிலோவுக்கு 0.2 மி.கி., கூடவே ஒரு ஓபியாய்டு (அபின் வகை வலிநீக்கி), பிறகு புரோபோஃபாலை மெதுவாகச் சொட்டு சொட்டாக ஏற்றுவது நல்லது. சீழ் கட்டிய நாய்க்கு ட்ரிப் ஏற்றி நீர்ச்சத்தைச் சரிசெய்யாமல் வலிக்கான மெலாக்சிகாம் போட்டால் சிறுநீரகம் போய்விடும்.

இனம் பார்த்தும் நடக்க வேண்டும். கிரேஹவுண்ட் போன்ற கொழுப்பே இல்லாத வேட்டை நாய்கள் தயோபென்டோன் மயக்க ஊசி போட்டால் எழுந்திருக்க வெகுநேரம் ஆகும் என்பது பழைய அறிவு. உடல்வாகில் அதே ஒல்லியான சிப்பிப்பாறை, கன்னி நாய்களுக்கும் அதைத் தவிர்ப்பதே புத்திசாலித்தனம். இவை சீக்கிரம் குளிர்ந்தும் போகும். பக், ஷிட்ஸு போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு மூச்சுவழியே ஆபத்து. மயக்கம் கொடுக்குமுன் 3 முதல் 5 நிமிடம் முகமூடியில் ஆக்சிஜன் கொடுங்கள்.

சீட்டும் சிரிஞ்சும்

முதல் ஊசிக்கு முன்பே ஒரு சீட்டில் எல்லா அளவுகளையும் மி.கி.யிலும் மி.லி.யிலும் எழுதி மேசைப் பக்கத்தில் ஒட்டுங்கள். 15 கிலோ நாய்க்கு அந்தச் சீட்டு இப்படி இருக்கும்:

சைலசின், சாதுவான நாய்க்குக் கிலோவுக்கு 0.5 மி.கி., முரட்டு நாய்க்கு 1 மி.கி. மொத்தம் 7.5 முதல் 15 மி.கி. 20 மி.கி./மி.லி. புட்டியில் 0.37 முதல் 0.75 மி.லி.
புப்ரெனார்ஃபின் (ஓபியாய்டு), கிலோவுக்கு 0.02 மி.கி. மொத்தம் 0.3 மி.கி., அதாவது 0.3 மி.கி. ஆம்பியூலில் சரியாக 1 மி.லி.
மெலாக்சிகாம், கிலோவுக்கு 0.2 மி.கி. மொத்தம் 3 மி.கி., 5 மி.கி./மி.லி. புட்டியில் 0.6 மி.லி., தோலுக்கடியில்.
கெட்டமைன், கிலோவுக்கு 5 மி.கி. மொத்தம் 75 மி.கி., 50 மி.கி./மி.லி. புட்டியில் 1.5 மி.லி.
டயஸிபாம், கிலோவுக்கு 0.25 மி.கி. மொத்தம் 3.75 மி.கி., 5 மி.கி./மி.லி. ஆம்பியூலில் 0.75 மி.லி.
லிக்னோகைன் 2% (போட்ட இடத்தை மரத்துப்போகச் செய்யும் மருந்து), கிலோவுக்கு 6 மி.கி. தாண்டக் கூடாது. மொத்த உச்சவரம்பு 90 மி.கி., அதாவது 4.5 மி.லி.
அவசரத்துக்கு: அட்ரினலின் 0.15 மி.கி., அதாவது 1 மி.கி./மி.லி. ஆம்பியூலில் 0.15 மி.லி. அட்ரோபின் 0.6 மி.கி., ஒரு ஆம்பியூல்.

புட்டியின் செறிவை வாய்விட்டுப் படித்த பிறகே இழுங்கள். சைலசின் 20 மி.கி./மி.லி.யிலும் வருகிறது, பெரிய மாடு குதிரைக்கான 100 மி.கி./மி.லி.யிலும் வருகிறது. மாட்டுப் புட்டியிலிருந்து 0.75 மி.லி. இழுத்தால் ஐந்து மடங்கு. புரோபோஃபால் ஒன்றுதான் பால் வெள்ளை. மற்றவை பெரும்பாலும் தண்ணீர் போல ஒரே மாதிரி தெரியும். ஆகவே பிளாஸ்டர் துண்டில் பெயர் எழுதி ஒவ்வொரு சிரிஞ்சிலும் ஒட்டுங்கள். டயஸிபாமைக் கெட்டமைனோடு மட்டும் ஒரே சிரிஞ்சில் கலக்கலாம். வேறு எதோடு கலந்தாலும் பால் போலத் திரியும். திரிந்ததை இரத்தக் குழாயில் ஏற்றக் கூடாது.

ஓபியாய்டைப் பற்றி ஒரு வார்த்தை. நம் ஊரில் பியூட்டார்பனால் எளிதாகக் கிடைக்கிறது, கிலோவுக்கு 0.2 முதல் 0.4 மி.கி. செடேஷனுக்கு அருமையான கூட்டாளி. ஆனால் அதன் வலியடக்கம் ஒரு மணி நேரம், மிஞ்சினால் இரண்டு. தையல் போட்டு முடிப்பதற்குள் தீர்ந்துவிடும். புப்ரெனார்ஃபின் வேலை செய்யத் தொடங்க 30 முதல் 45 நிமிடம் பிடிக்கும், ஆனால் 6 முதல் 8 மணி நேரம் நிற்கும். கருத்தடைக்குக் கிடைத்தால் அதுவே மேல். முன்கூட்டியே போட்டுவிட வேண்டும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாகப் போடாதீர்கள், ஒன்று மற்றொன்றின் இடத்தை மறித்துக்கொள்ளும். ட்ரமடாலை மனிதருக்குப் போல நம்ப முடியாது. மனித உடம்பு அதை மாற்றித் தரும் வலுவான வலிநீக்கி வடிவம் நாயின் உடம்பில் மிகக் குறைவாகவே உண்டாகிறது. கூட ஒரு துணையாகச் சேர்க்கலாம். அதை மட்டும் போட்டுவிட்டு வலிக்கு மருந்து கொடுத்தாயிற்று என்று கையெழுத்துப் போடுவது தவறு.

முதல் ஊசி

சைலசினும் புப்ரெனார்ஃபினும் தசையில், தொடையின் முன்பக்கத்திலோ இடுப்புத் தசையிலோ போடுங்கள். தொடையின் பின்பக்கம் நரம்பு ஓடுகிறது, அங்கே குத்தினால் நொண்டும். மெலாக்சிகாமைத் தோலுக்கடியில் இப்போதே போடலாம். இரத்த அழுத்தம் பார்க்கும் வசதியும் ட்ரிப்பும் இல்லாத இடத்தில், அறுவை முடிந்து நாய் நன்றாக இருக்கிறது என்று தெரிந்த பிறகு போடுவது பாதுகாப்பு.

ஊசி போட்டதும் நாயை விட்டு விலகுங்கள். விளக்கை அணைத்து, கூண்டைத் துணியால் மூடி, 15 நிமிடம் பேச்சில்லாமல் இருங்கள். பெரும்பாலானவர்கள் இங்கே பொறுமை இழந்து, 'தூங்கிடுச்சா?' என்று ஐந்தாவது நிமிடமே குச்சியால் தொட்டுப் பார்ப்பார்கள். பதற்றத்தில் ஏறும் அட்ரினலின் சைலசினின் வேலையைக் கெடுத்துவிடும். பிறகு எவ்வளவு ஊற்றினாலும் நாய் தள்ளாடுமே தவிரப் படுக்காது. 20 நிமிடம் ஆகியும் படுக்காவிட்டால் முதல் அளவில் பாதியைத் தரலாம், ஒரே ஒரு முறை. இன்னொன்று: சைலசினில் படுத்த நாய் திடீரென்று தலையைத் தூக்கிக் கடிக்கும். வாய்க்கட்டு போடும்வரை முகத்தருகே கையைக் கொண்டுபோகாதீர்கள். இந்த வேலைக்கு வருகிறவர்கள் வெறிநாய்க்கடி முன்தடுப்பூசியைப் போட்டுக்கொண்டு வர வேண்டும்.

ஐந்து நிமிடத்துக்குள் பாதி நாய்களாவது வாந்தி எடுக்கும். அது சைலசினின் குணம். அந்தச் சமயத்தில் வாய்க்கட்டு இருந்தால் வாந்தி மூச்சுக்குழாய்க்குள் போகும். ஆகவே வாந்தி நேரம் தாண்டிய பிறகே கட்டு. ஈறு வெளிறித் தெரிவதும் துடிப்பு நிமிடத்துக்கு 50 வரை இறங்குவதும் இதே மருந்தால்தான். இரத்தக் குழாய்கள் சுருங்கி அழுத்தம் ஏறுவதால் இதயம் தானாக மெதுவாகிறது. இந்த நேரத்தில் பயந்து அட்ரோபின் போட்டால், சுருங்கிய குழாய்களை எதிர்த்து இதயம் வேகமாக ஓட வேண்டிவரும், அது கூடுதல் சுமை. துடிப்பும் குறைந்து அழுத்தமும் இறங்கினால் மட்டுமே அட்ரோபின்.

முழு மயக்கம், டியூப்

முன்காலில் வென்ஃபிளான் போட்டுப் பிளாஸ்டரால் ஒட்டிவிட்டு, ஆர்.எல். (ரிங்கர் லாக்டேட் திரவம்) தொங்கவிடுங்கள். மணிக்குக் கிலோவுக்கு 5 மி.லி. என்றால் நம் நாய்க்கு 75 மி.லி. சாதாரண ட்ரிப் செட்டில் 20 சொட்டு ஒரு மி.லி. அப்படியானால் மணிக்கு 1500 சொட்டு, நிமிடத்துக்கு 25. கைக்கடிகாரத்தைச் சொட்டு அறைக்குப் பக்கத்தில் பிடித்து 12 வினாடி எண்ணுங்கள். 5 சொட்டு விழுந்தால் சரி. 10 விழுந்தால் உருளையைத் திருகிக் குறைத்து மறுபடி எண்ண வேண்டும். நாயின் காலை மடக்கி வைத்தால் ட்ரிப் நின்றுபோகும், நீட்டினால் திடீரென்று ஓடும். மேசையில் நாயை நகர்த்தும் ஒவ்வொரு முறையும் எண்ணிக்கை மாறும் என்பதால் மறுபடி பார்க்க வேண்டும்.

கெட்டமைன்–டயஸிபாம் கலவையில் பாதியை ஒரு நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொண்டு மெதுவாக ஏற்றுங்கள். 30 வினாடி காத்திருந்து, தாடை இளகிவிட்டதா பாருங்கள். சைலசின் போட்ட நாய்க்குப் பல நேரம் அந்தப் பாதியே போதும். இளகவில்லை என்றால் மீதியைச் சிறிது சிறிதாக. புரோபோஃபால் என்றாலும் இதே நடை: கிலோவுக்கு 2 முதல் 4 மி.கி., நம் நாய்க்கு 3 முதல் 6 மி.லி. வேகமாகத் தள்ளினால் மூச்சு நின்றுவிடும். நின்றால் பதறாமல் மூச்சுக்குழாய்க்குள் டியூப் போட்டு, 6 முதல் 10 வினாடிக்கு ஒரு முறை ஆக்சிஜன் பையை அமுக்குங்கள். பெரும்பாலும் ஒன்றிரண்டு நிமிடத்தில் தானாக இழுக்கும். புரோபோஃபாலில் எண்ணெய் இருப்பதால் கிருமி எளிதில் வளரும். திறந்ததை 6 மணி நேரத்துக்கு மேல் வைத்திருந்து அடுத்த முகாமுக்குக் கொண்டுபோவது சீழைக் கொண்டுபோவதற்குச் சமம்.

15 கிலோ நாய்க்கு 8 அல்லது 8.5 எண் டியூப் நுழையும். பக்கத்தில் ஒரு எண் பெரியதும் சிறியதும் வையுங்கள். மூக்கிலிருந்து தோள்பட்டை முனைவரை அளந்து, அதற்கு மேல் தள்ளாதீர்கள். மீறினால் ஒரு நுரையீரலுக்கு மட்டும் காற்று போகும். உதவியாளர் மேல்தாடையைத் தூக்க, நீங்கள் நாக்கை முன்னால் இழுத்து, டியூப் முனையால் குரல்வளை மூடியை அமுக்கி, மூச்சு உள்ளிழுக்கும் நொடியில் நுழையுங்கள். சரியான குழாயில்தான் போயிருக்கிறதா? டியூப் வாயில் ஒரு மயிரிழையைப் பிடியுங்கள், மூச்சோடு ஆடும். கழுத்தைத் தடவினால் ஒரே ஒரு வளையக் குழாய் தெரிய வேண்டும். இரண்டு கெட்டியான குழாய்கள் தட்டுப்பட்டால் டியூப் உணவுக்குழாயில் இருக்கிறது. கஃப்பை (டியூப் முனையருகே உப்பும் வளையம்) ஊதும்போது பையை மெதுவாக அழுத்திக் கேளுங்கள், கசிவுச் சத்தம் நிற்கும் இடத்தோடு நிறுத்துங்கள். நாயைப் புரட்டும்போது டியூபை இயந்திரத்திலிருந்து கழற்றிவிட்டே புரட்ட வேண்டும். திருகிக்கொண்ட டியூப் மூச்சுக்குழாயைக் கிழித்த சம்பவங்கள் உண்டு.

ஐசோஃப்ளூரேன் இருந்தால் 1 முதல் 2 விழுக்காட்டில் வைக்கலாம். இல்லாத இடத்தில் கெட்டமைன் கலவையின் முதல் அளவில் மூன்றில் ஒரு பங்கை, தேவைப்பட்டால், மறுபடி தருவார்கள். இரண்டு முறைக்கு மேல் போனால் நாய் மாலைவரை எழாது. கெட்டமைன் நாயின் கண் திறந்தே இருக்கும், இமையும் ஆடும். ஆகவே இமையைத் தொட்டு மயக்கத்தின் ஆழத்தை அளக்கும் பாடம் இங்கே செல்லாது. தாடை இறுக்கம், துடிப்பு, மூச்சு மூன்றையும் நம்புங்கள். கண்ணில் களிம்பு தடவ மறந்தால் மறுநாள் விழிப்படலத்தில் புண் இருக்கும்.

கத்தி வைக்குமுன் லிக்னோகைன்

செலவே இல்லாத, ஆனால் எல்லோரும் தவிர்க்கும் வேலை இது. கீறப்போகும் கோட்டில் தோலுக்கடியில் 1.5 மி.லி. பரப்புங்கள். இன்னும் 1.5 மி.லி.யைக் கையுறை போட்டவர் கிருமிநீக்கிய சிரிஞ்சில் வாங்கி வைத்து, வயிற்றைத் திறந்ததும் ஒவ்வொரு சூலகத் தண்டிலும் பாதி, அதாவது 0.75 மி.லி. செலுத்தலாம். மொத்தம் 3 மி.லி., 60 மி.கி.; நம் உச்சவரம்பான 90க்குள் அடங்கிவிட்டது. ஒவ்வொரு குத்துக்கும் முன் சிரிஞ்சைப் பின்னால் இழுத்து இரத்தம் வருகிறதா பாருங்கள். பூப்பிவாகைன் 0.5% இருந்தால் கிலோவுக்கு 2 மி.கி.க்கு மிகாமல் தோல் கோட்டில் போடலாம். வேலை செய்யத் தொடங்க 15 நிமிடத்துக்கு மேல் ஆகும், ஆனால் 4 முதல் 6 மணி நேரம் வலியைத் தாங்கும். அது இரத்தக் குழாய்க்குள் போனால் இதயத்தை நிறுத்தும், மறக்காதீர்கள். ஆண் நாய்க்கு வேலை இன்னும் சுலபம்: ஒவ்வொரு விதைக்குள்ளும் கிலோவுக்கு 1 மி.கி. லிக்னோகைன்.

இந்த அறுவையில் மிக வலிக்கும் தருணம் எது என்று நாயே சொல்லிவிடும். தோலைக் கீறும்போது பெரிதாக ஒன்றும் நடக்காது. கருப்பைக் கொம்பைத் தூக்கி, சூலகத்தைப் பிடித்திருக்கும் தசைநாரை விரலால் இழுத்துத் தளர்த்தும்போது, அதுவரை 80இல் ஓடிய துடிப்பு 120க்கு எகிறும். மூச்சு ஆழமாகி வேகமெடுக்கும், வயிறு இறுகும். கால் அசையாமல் இருக்கலாம். ஆனாலும் அது வலிதான். ஐசோஃப்ளூரேன் திருகைக் கூட்டுவது எல்லோருக்கும் முதலில் தோன்றும். அது நாயை ஆழமாக்கி இரத்த அழுத்தத்தை இறக்குமே தவிர வலியைத் தொடாது. மருத்துவரிடம் 'ஒரு நிமிஷம் நிறுத்துங்க' என்று தயங்காமல் சொல்லுங்கள். தண்டில் லிக்னோகைன் போய், ஒன்றிரண்டு நிமிடம் கழித்து இழுக்கட்டும். அப்படியும் துடிப்பு இறங்காவிட்டால் கெட்டமைன் கிலோவுக்கு 0.5 முதல் 1 மி.கி., நம் நாய்க்கு 0.15 முதல் 0.3 மி.லி.

கண்காணிப்பு

ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை எழுத வேண்டும். மயக்கம் பார்ப்பவர் பஞ்சு எடுத்துக் கொடுப்பது, அடுத்த நாயை மழிப்பது என்று வேறு வேலை பார்க்கக் கூடாது. துடிப்பு 60 முதல் 120, மூச்சு நிமிடத்துக்கு 8 முதல் 20, ஆக்சிஜன் அளவு 95க்கு மேல், மேல் இரத்த அழுத்தம் 90க்கு மேல், உடல் வெப்பம் 37.5 டிகிரிக்குக் குறையாமல். மனிதர் விரலில் மாட்டும் ஆக்சிஜன் கிளிப்பையே நாக்கில் மாட்டலாம். நாக்கு உலர்ந்தால் எண் குறைத்துக் காட்டும், ஈரத் துணியை அடியில் வைத்து இடம் மாற்றிப் பாருங்கள். ஆனால் 90க்குக் கீழே காட்டினால் முதலில் மூச்சு ஓடுகிறதா, டியூப் மடங்கவில்லையா, ஆக்சிஜன் உருளை தீரவில்லையா என்று பார்த்துவிட்டு, பிறகே கருவியைச் சந்தேகப்படுங்கள்.

வெளியே 38 டிகிரி வெயில் கொளுத்தும்போது நாய் குளிர்ந்துபோகும் என்று யாரும் நினைப்பதில்லை. ஏசி அறை, எவர்சில்வர் மேசை, மழித்த வயிறு, அதில் ஊற்றிய ஸ்பிரிட் எல்லாம் சேர்ந்து முதல் அரை மணி நேரத்திலேயே வெப்பத்தை இறக்கிவிடும். குளிர்ந்த உடம்பு மருந்தை மெதுவாகவே கரைக்கும், இரத்தமும் சரியாக உறையாது. மேசையில் பழைய போர்வை, காலுக்குத் துணி, தேவைப்பட்டால் துண்டு சுற்றிய வெந்நீர்ப் புட்டி. துண்டு இல்லாமல் வைத்தால் மயங்கிய நாய் நகர முடியாமல் வெந்துபோகும். ஸ்பிரிட்டைத் துடைக்கலாம், ஊற்ற வேண்டாம்.

துடிப்பே நின்றுவிட்டால்: ஐசோஃப்ளூரேனை மூடுங்கள், நெஞ்சில் நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம், நெஞ்சின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதிவரை அமுங்க வேண்டும். 6 வினாடிக்கு ஒரு மூச்சு. 2 நிமிடத்துக்கு ஒரு முறை ஆள் மாறுங்கள். அட்ரினலின் 0.15 மி.லி. இரத்தக் குழாயில், 3 முதல் 5 நிமிட இடைவெளியில். சைலசின் போட்டிருந்தால் அதை முறிக்கும் யோகிம்பின் கிலோவுக்கு 0.1 மி.கி.

எழும் நேரம்

நாய் விழுங்கத் தொடங்கியதும் கஃப்பின் காற்றை இறக்கி டியூபை எடுங்கள். சப்பை மூக்கு நாய் டியூபைக் கடித்துத் துப்பும் அளவுக்கு விழிக்கட்டும். பிறகு நெஞ்சைக் கீழே வைத்துப் படுக்கவைத்து, நாக்கை வெளியே எடுத்துவிட்டு, 15 நிமிடத்துக்கு ஒரு முறை வெப்பம் பாருங்கள். பாதி மயக்கத்தில் இருக்கும் இரண்டு நாய்களை ஒரே கூண்டில் போடாதீர்கள். முதலில் எழும் நாய் மற்றதைக் குதறிவிடும்.

சீக்கிரம் எழுப்ப யோகிம்பின் போடுவது முகாம்களில் வழக்கமாகிவிட்டது. கெட்டமைன் போட்டு 40 நிமிடம் ஆகாத நாய்க்குப் போட்டால், சைலசின் விலகி, மிஞ்சிய கெட்டமைன் மட்டும் தனியாக ஆட, நாய் விறைத்து உதைத்துக் கத்தும். சைலசினோடு அதன் வலியடக்கமும் போய்விடும் என்பது இன்னொரு பக்கம். மூச்சோ துடிப்போ ஆபத்தில் இருந்தால் ஒழிய அவசரப்படுத்த வேண்டாம் என்பதே எங்கள் கட்சி.

எழுந்து ஊளையிடும் நாய்க்கு வலியா, மருந்துக் குழப்பமா? பெயர் சொல்லிக் கூப்பிட்டு, காயத்தைச் சுற்றி இரண்டு அங்குலம் தள்ளி மெதுவாக அழுத்துங்கள். குழப்பத்தில் இருக்கும் நாய் உங்களைக் கவனிக்காது, தொட்டாலும் தொடாவிட்டாலும் ஒரே மாதிரி கத்தும், 20 நிமிடத்தில் அடங்கும். வலியில் இருக்கும் நாய் திரும்பிப் பார்க்கும், காயத்தை நக்கும், முதுகைக் கூனும், படுக்க முடியாமல் எழுந்து எழுந்து உட்காரும். தெருநாய்கள் பயத்தில் வலியைக் காட்டாமல் மூலையில் ஒடுங்கிக் கிடக்கும், அதைச் சாதுவென்று எழுதிவிடாதீர்கள். நாயின் வலிக்கு மதிப்பெண் போடும் கிளாஸ்கோ வலி அட்டையின் சிறு வடிவத்தில் 24க்கு 6ஓ அதற்கு மேலோ வந்தால் மறு ஊசி போட வேண்டும். சந்தேகமாக இருந்தால் வலிக்கு மருந்து கொடுத்துப் பாருங்கள், அமைதியாகிவிட்டால் வலிதான்.

வீட்டுக்கு அனுப்பும்போது

மெலாக்சிகாம் மறுநாளிலிருந்து கிலோவுக்கு 0.1 மி.கி., நாளுக்கு ஒரு முறை, சாப்பாட்டுக்குப் பின், 3 நாள். நம் நாய்க்கு 1.5 மி.கி. மருந்துக்கடையில் மனிதர்களுக்கு விற்கும் மெலாக்சிகாம் மாத்திரை 7.5 மி.கி., இன்னொன்று 15 மி.கி. அதே பெயர்தானே என்று ஒன்றை உடைக்காமல் கொடுத்தால் ஐந்து மடங்கு, பத்து மடங்கு. நாய்க்கென வரும் சொட்டு மருந்தையே எழுதிக் கொடுங்கள், அளவை மி.லி.யில் எழுதுங்கள். வாந்தி, கறுத்த மலம், சாப்பிட மறுப்பது எது வந்தாலும் நிறுத்தச் சொல்லுங்கள். பிரெட்னிசோலோன் என்னும் ஸ்டீராய்டு சாப்பிடும் நாய்க்கு இந்த வகை மருந்தே கூடாது.

டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் இரண்டும் நாயின் இரைப்பையை ஓட்டையாக்கும். வீட்டில் இருக்கும் மூட்டுவலி மாத்திரையைத் தர வேண்டாம் என்று வாயால் ஒரு முறை சொல்லுங்கள். கால்நடைக்கான டைக்ளோஃபெனாக் 2006இல் இந்தியாவில் தடைசெய்யப்பட்டது வேறு காரணத்துக்கு, அந்த மருந்து ஏறிய மாட்டின் பிணத்தைத் தின்ற பாறுக் கழுகுகள் சிறுநீரகம் கெட்டு மடிந்தன. மருந்துக்கடையில் மனிதருக்கானது இன்றும் கிடைக்கிறது என்பதால் சொல்ல வேண்டியிருக்கிறது.

அன்றிரவு வழக்கமான சாப்பாட்டில் பாதிதான். கூம்புக் காலர் 10 நாள் கழற்றக் கூடாது. முதல் இரவில் மட்டும் வீட்டார் இரண்டு முறை எழுந்து உதட்டைத் தூக்கி ஈறைப் பார்க்கட்டும். இளஞ்சிவப்பு எப்படி இருக்கும் என்று நாயை ஒப்படைக்கும்போதே அவர்கள் கையாலேயே அழுத்தவைத்துக் காட்டிவிடுங்கள். வெளுத்துத் தெரிந்தாலோ வயிறு உப்பி நாய் எழுந்திருக்க மறுத்தாலோ விடியும்வரை காத்திருக்காமல் கூப்பிட வேண்டிய எண்ணை மருந்துச் சீட்டின் மேல்பக்கத்தில் பெரிதாக எழுதுங்கள்.